மணலில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றுதா? ஜீப் ஆக்சில், டிஃபரென்ஷியல் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது எப்படி

கடலூர், புதுச்சேரி பக்கம் ஜீப் வைத்திருப்பவர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் லாக்கரில், அதாவது இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டில்தான் போய் முடியும். "எந்த லாக்கர் போடலாம், எந்த ஆக்சில் மாட்டலாம்?" என்று கேட்பார்கள். நானும் அப்படிக் கேட்டுக்கொண்டு திரிந்தவன்தான். பழைய மஹிந்திரா எம்எம்540 ஜீப் ஒன்றை வாங்கி, அதற்குக் கொட்டிய பணத்தில் பாதியைத் தேவையில்லாமல் கொட்டினேன். வண்டி ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்தப் பாதி மிஞ்சியிருக்கும்.

அதனால் கடைக்குப் போகும் முன் வண்டி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் ஆக்சில் மாற்றும் யோசனை இருந்தால் டயர், ரேஷியோ பற்றிய பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

மணலில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிறது

இது கோளாறே இல்லை. ஆக்சிலில் இருந்துகொண்டு இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் சாதா டிஃபரென்ஷியல் அப்படித்தான் வேலை செய்யும். இரண்டு சக்கரத்துக்கும் அது எப்போதும் சமமான இழுவிசையைத்தான் பகிரும். பிடிப்பில்லாத சக்கரம் லேசாகவே சுற்றிவிடுவதால் அதற்குக் கொஞ்சம் விசை போதும். அந்தக் கொஞ்சம்தான் பிடிப்புள்ள மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். "பவர் முழுக்கச் சுற்றும் சக்கரத்துக்கே போயிடுது" என்று சொல்வார்கள். உண்மையில் இரண்டுக்குமே போதுமான அளவு போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாழங்குடாவில், தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், நண்பர் ஒருவரின் ஜீப் மாட்டிக்கொண்டது. இடது பின்சக்கரம் மணலை வாரி இறைக்கிறது, வலது பின்சக்கரம் அசையவே இல்லை. ஃபோர் வீல் போட்டும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டே சக்கரம்தான் சுற்றின. அவர் அங்கேயே போனை எடுத்து ஏர் லாக்கர் விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். கூட வந்த எங்கள் மெக்கானிக் பாய் ஒன்றும் பேசவில்லை. சாவிக் கொத்தில் இருந்த சின்னச் சாவியின் நுனியை வால்வில் வைத்து அழுத்தினார். நாலு டயரிலும் 30 பி.எஸ்.ஐ. இருந்த காற்று 16க்கு இறங்கியது. டயர் தரையில் பரவி உட்கார்ந்ததைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. சக்கரத்துக்கு முன்னால் குவிந்திருந்த மணலைக் கையால் தள்ளிவிட்டு, "இப்ப ரெண்டாவது கியர்ல மெதுவா எடுங்க தம்பி" என்றார். வண்டி வெளியே வந்துவிட்டது. லாக்கர் விலை விசாரணையும் அன்றோடு நின்றது.

ஆகவே முதல் வேலை காற்றைக் குறைப்பது. மணலுக்கு 15, 16 பி.எஸ்.ஐ. நன்றாகவே வேலை செய்யும். 12க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. ஈசிஆர் சாலை ஏறும் முன் திரும்பக் காற்று அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறிக் கிழியும். அப்புறம், ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். அந்த மாதங்களில் நாங்கள் கடற்கரை மணலுக்கே வண்டியைக் கொண்டுபோவதில்லை. ஓட்டிப் பார்க்கப் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புச் செம்மணல் இருக்கிறது.

அடுத்து பிரேக் தந்திரம். சுற்றும் சக்கரத்தைப் பிரேக்கால் லேசாகப் பிடித்தால் அதைச் சுற்ற அதிக விசை வேண்டும், அதே அளவு விசை மறு சக்கரத்துக்கும் போகும். ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று கிளிக் இழுத்துப் பாருங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. வில்லிஸ் என்ற பழைய அமெரிக்க ஜீப்பின் வம்சத்து ஜீப்கள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது, முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால், ஆக்சிலுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்டில் இருக்கும். அதை இழுத்தால் ஷாஃப்டே நின்றுபோகும், எதுவும் நகராது. அந்த வண்டியில் கால் பிரேக்கைத்தான் லேசாக மிதிக்க வேண்டும்.

இதே வேலையைக் கம்ப்யூட்டர் செய்தால் அதுதான் புதிய வண்டிகளின் பிரேக் லாக்கிங். மாருதி ஜிம்னியிலும் 2020க்குப் பிந்தைய மஹிந்திரா தாரின் முன் ஆக்சிலிலும் இருப்பது அதுதான். அது பிடிக்கத் தொடங்கும்போது பலரும் பயந்துபோய் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. ஒரே அளவில் மிதித்துக்கொண்டு ஒன்றிரண்டு வினாடி பொறுக்க வேண்டும்.

புதிய தாரின் பின் ஆக்சிலில் மெக்கானிக்கல் லாக்கர் உள்ள மாடல்களிலும் இதே புகார் வரும்: "லாக்கர் வேலையே செய்யலை." அந்த வகை லாக்கர், இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்கு 100 சுற்று அளவுக்கு வித்தியாசம் வந்த பிறகுதான் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஏறக்குறைய 32 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பூட்டவே பூட்டாது. சக்கரம் வழுக்கத் தொடங்கியதுமே காலை எடுத்துவிட்டால் அது எப்படிப் பூட்டும்? கொஞ்சம் சுற்ற விடுங்கள். அடியில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அது உடைந்த சத்தம் இல்லை, பூட்டிய சத்தம்.

இத்தனையும் செய்து பார்த்தும் கேப்பர் மலை ஓடைகளில் இறங்கும்போது ஒரு முன்சக்கரமும் எதிர்மூலைப் பின்சக்கரமும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு வண்டி நிற்கிறதா? சரி, இப்போது லாக்கர் பேசலாம்.

லாக்கர் என்றால் என்ன என்று பாகூர் வயலில் டிராக்டர் ஓட்டுபவரைக் கேளுங்கள், குதிகாலைக் காட்டுவார். டிராக்டரில் வலது காலடியில் ஒரு மிதி இருக்கும். சேற்றில் ஒரு சக்கரம் சுற்றினால் மிதி, ஏறியதும் விட்டுவிடு, பூட்டியபடியே திருப்பாதே. ஏர் லாக்கருக்கும் எலக்ட்ரிக் லாக்கருக்கும் விதி இதேதான், மிதிக்குப் பதில் சுவிட்ச். முன்னும் பின்னும் கம்பெனியே பூட்டு வைத்துத் தரும் வண்டி வேண்டுமென்றால் ஃபோர்ஸ் கூர்க்கா இருக்கிறது.

வாரத்தில் ஆறு நாள் சாலையிலும் ஒரு நாள் மண்ணிலும் ஓடும் வண்டிக்கு, பின்னால் மட்டும் சுவிட்ச் போட்டால் பூட்டும் லாக்கர் போதும் என்பது என் கருத்து. முன்னால் பூட்டினால் ஸ்டீரிங் கல்லாகிவிடும். தானாகப் பூட்டும் ஆட்டோ லாக்கர் விலை குறைவு, ஆனால் மழையில் நனைந்த தார்ச்சாலை வளைவில் திடீரென்று பின்பக்கம் வழுக்கும். சிலர் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் சின்ன கியர்களை வெல்டிங் வைத்தே ஒட்டிவிடுகிறார்கள். வயலை விட்டு வெளியே வராத வண்டிக்குச் சரி. சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேயும், அடுத்து ஆக்சில் ஷாஃப்ட் முறியும்.

பெரிய டயர் போட்ட பிறகு வண்டி இழுக்கவில்லை

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

என் வண்டியில் 28 அங்குல டயர் இருந்தது. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று 31 போட்டேன். மூன்று அங்குலம்தானே என்று நினைத்தேன். 31ஐ 28ஆல் வகுத்தால் 1.107 வரும். அதாவது சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது. என் ஆக்சில் ரேஷியோ 4.88, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஜாயின்ட் ஷாஃப்ட் 4.88 சுற்று சுற்ற வேண்டும். பெரிய டயரோடு அது 4.41 போல நடந்துகொள்ளும். டாப் கியரில் ஏறிய மேம்பாலத்தை மூன்றாவது கியரில் ஏற வேண்டியதாயிற்று. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 66இல் போய்க்கொண்டிருந்தேன். மணலில் கிளட்ச் வாடை மூக்கைத் துளைத்தது. நான் இஞ்சினைச் சந்தேகித்தேன், பம்பைப் பிரித்தேன், நாசிலை மாற்றினேன்.

பழைய இழுவை திரும்ப வேண்டுமென்றால் 4.88ஐ 1.107ஆல் பெருக்க வேண்டும், 5.40 வரும். அதற்கு மிக அருகில் இருப்பது 5.38. பழைய ஜீப்களில் வந்த 8க்கு 43 பல் கிரவுன் பினியன் அதுதான்: ஷாஃப்ட் பக்கச் சின்ன கியரான பினியனில் 8 பல், அது சுற்றும் பெரிய கியரான கிரவுனில் 43 பல். 28 அங்குல டயரில் 4.88, 31 அங்குல டயரில் 5.38 என்று எப்படி வைத்தாலும், டாப் கியர் நேர் இணைப்பாக உள்ள வண்டியில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு இஞ்சின் ஏறக்குறைய 2,900 சுற்றில்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் 5.38 இலவசமில்லை. ரேஷியோ எண் கூடக்கூடப் பினியன் சிறுத்துக்கொண்டே போகும். 8 பல் பினியனின் தலை 11 பல் பினியனை விடச் சின்னது, ஒரே நேரத்தில் பிடித்திருக்கும் பல்லும் குறைவு. டர்போ டீசல் இஞ்சின் மாற்றி வைத்த வண்டியில் 5.38 போட்டு, லோ கியரில் குதித்துக் குதித்து ஏறினால் பினியன் பல் போகும். அப்படிப்பட்ட வண்டிக்கு 31க்குப் பதில் 29 அல்லது 30 அங்குல டயரோடு நின்று, 4.88ஐயோ 4.56ஐயோ வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் வண்டியில் என்ன ரேஷியோ இருக்கிறது என்று தெரியாதா? ஆக்சிலைப் பிரிக்க வேண்டாம். கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். தரையில் நிற்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக் ஜாயின்ட் ஷாஃப்டில் உள்ள வண்டியானால் அதை விடுவித்துவிட வேண்டும். டயரிலும் ஜாயின்ட் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தூக்கிய சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. ஐந்துக்குச் சற்றுக் குறைவாக நின்றால் 4.88, ஐந்தே கால் தாண்டி நின்றால் 5.38. இரண்டு சுற்று ஏன் என்று கேட்பீர்கள். மறு சக்கரம் அசையாமல் நிற்கும்போது கிரவுன் ஒரு சுற்று சுற்றினால் தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். சாதா டிஃபரென்ஷியலுக்குத்தான் இது பொருந்தும்.

ஃபோர் வீல் போட்டால் வண்டி இறுகுகிறது, லீவர் திரும்ப வர மறுக்கிறது

காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினீர்களா? அப்படியென்றால் இறுகத்தான் செய்யும். பார்ட் டைம் ஃபோர் வீலில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும். திருப்பத்தில் முன்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், வழுக்கி ஈடுகட்ட மண் இல்லை. நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் இறுக்கம் விடும், லீவர் வந்துவிடும்.

மண்ணில் நேராகப் போகும்போதே இறுகினால் விஷயம் வேறு. முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வேறு வேறு ரேஷியோ. பின் ஆக்சிலை மட்டும், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கண்டம் கடையிலிருந்து மாற்றிய வண்டிகளில் இது சகஜம். முன்னால் 5.38, பின்னால் 4.88 இருந்தால் ஃபோர் வீல் போட்ட கணத்திலிருந்து டிரான்ஸ்பர் கேஸ் செயினோ கியரோ நொறுங்கும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன சாக்பீஸ் சோதனையை இரண்டு ஆக்சிலிலும் செய்யுங்கள், முன்னால் செய்யும்போது சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டோடு இணைக்கும் ஹப்பைப் பூட்டிக்கொள்ளுங்கள். ரேஷியோ ஒன்றாகவே இருந்தால் நாலு டயரின் அளவையும் தேய்மானத்தையும் பாருங்கள்.

ஊளைச் சத்தம்

சத்தம் டிஃபரென்ஷியலிலிருந்துதான் வருகிறதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். மட் டயர் போட்டவர்கள் பாதிப் பேர் டயர் ஓசையைத்தான் ஆக்சில் ஊளை என்கிறார்கள். தார்ச்சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். ஆக்சிலுக்குச் சாலை எதுவென்று தெரியாது.

காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய், முதலில் மிதித்து இழுக்க விடுங்கள். அப்புறம் காலை எடுங்கள். பிறகு நியூட்ரலில் ஓட விடுங்கள். மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் கிரவுன் பினியன் பல் சேர்க்கை சரியில்லை, அல்லது பல்லின் இழுக்கும் முகம் தேய்ந்திருக்கிறது. காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பினியன் பேரிங் தளர்ந்து பினியன் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்போதும் ஒரே மாதிரி கொர்ரென்று உறுமிக்கொண்டே வந்தால் பேரிங். இடப்பக்கம் வளைக்கும்போது உறுமல் கூடினால் எடை ஏறும் வலது சக்கர பேரிங்கைச் சந்தேகியுங்கள், வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடது. திரும்பும்போது மட்டும் உள்ளேயிருந்து கடகடவென்று வந்தால் டிஃபரென்ஷியலின் சின்ன கியர்கள்.

ஊளை வருகிறது என்று கிரவுன் பினியனை மாற்றுகிறீர்களா? கவனமாக இருங்கள். இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று வைத்தால் அடுத்த மாதமே ஊளை திரும்பும். பூட்டும்போது கிரவுன் பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸ்ட் அழிந்த தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். தடம் பல்லின் வேருக்கு இறங்கினால் பினியன் ரொம்ப உள்ளே இருக்கிறது, உச்சிக்கு ஏறினால் பினியன் வெளியே இருக்கிறது. மெல்லிய தகடான ஷிம் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்வார்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் இறுதி. "கையாலேயே பார்த்துச் சொல்லிடுவேன்" என்று டயல் கேஜ் இல்லாமல் பூட்டுகிற இடத்தில் நான் என் ஆக்சிலைக் கொடுக்க மாட்டேன். ஒருமுறை கொடுத்தேன், 400 கிலோமீட்டரில் திரும்ப வந்தேன்.

கியர் போட்டதும் அடியில் "டங்"

வண்டிக்கு அடியில் படுத்து, ஜாயின்ட் ஷாஃப்டைக் கையால் பிடித்து இடம் வலமாகத் திருகுங்கள். முதலில் ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டான கிராஸைப் பாருங்கள். கிராஸ் கப்பைச் சுற்றித் துருப்பொடி காப்பி நிறத்தில் ஒட்டியிருந்தால் அதன் கதை முடிந்தது. உப்புக்காற்றில் நம் பக்கம் கிராஸ் சீக்கிரம் போகும். மாதம் ஒரு முறை கிரீஸ் கன் வைத்தால் வருடக்கணக்கில் ஓடும். கிராஸ் நன்றாக இருந்து ஆட்டம் மட்டும் அதிகமிருந்தால் ஷாஃப்டின் வரிப்பல்லான ஸ்பிளைன், அதன் பிறகு பினியன் ஃபிளாஞ்ச் நட், அதற்கும் பிறகுதான் டிஃபரென்ஷியல்.

பினியன் நட் தளர்ந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முறுக்காதீர்கள். சில ஆக்சில்களில் உள்ளே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கும். ஒரு முறை நசுங்கியதை இன்னும் இறுக்கினால் பேரிங் அழுத்தம் அளவு மீறி, பேரிங் நீலமாகக் கருகும்.

ஆயில் பால் கலந்த காப்பி போல இருக்கிறது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த வாரம் பாயின் பட்டறை வாசலில் ஜீப்கள் வரிசையாக நின்றன. எல்லோரும் இஞ்சினைப் பற்றியே கேட்டார்கள். ஆக்சிலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பாய் ஒரு ஜீப்பின் பின் ஆக்சில் டிரெயின் போல்ட்டைத் திருகினார். முதலில் ஆயில் வரவில்லை, அரை டம்ளர் அளவுக்குத் தண்ணீர் வந்தது. எடை கூடிய தண்ணீர் அடியில் தங்கியிருந்தது. அதற்குப் பின் சாம்பலும் பழுப்பும் கலந்த கூழ் ஒன்று மெதுவாக இறங்கியது. விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். வழுக்கவில்லை, ஒட்டியது. "இதுல பேரிங் ஓடுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு விரலை என் சட்டையில் துடைக்க வந்தார்.

வெள்ளம் இல்லாமலும் தண்ணீர் போகும். ஓடிச் சூடேறிய ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ஹவுசிங் மேலே இருக்கும் காற்றுத் துளையான பிரீதர் மண் அடைத்துக்கொண்டிருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர் நன்றாகவே இருந்தாலும் அதுவே தண்ணீருக்குள் இருந்தால் நேராக அது வழியே உறிஞ்சும். பிரீதர் அடைத்தால் எதிர்க் கோளாறும் வரும். ஆக்சில் சூடாகும்போது காற்று விரிந்து, போக வழியில்லாமல் பினியன் சீலிலோ ஹப் சீலிலோ ஆயிலைத் தள்ளும். சீல் மாற்றி மாற்றி அலுத்துப்போனவர்கள் முதலில் பிரீதரைப் பிரித்து ஊதிப் பாருங்கள்.

சரிசெய்வது: ஆயிலை முழுதாக இறக்குங்கள். கவர் உள்ள ஆக்சிலானால் கவரைக் கழற்றி உள்ளே துடையுங்கள். மலிவான கியர் ஆயில் ஊற்றிப் பத்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி அதையும் இறக்குங்கள். கூழ் நிறம் போகும்வரை திரும்பச் செய்து, கடைசியில் நல்ல ஆயில் ஊற்றுங்கள். உப்பனாற்று உப்புத் தண்ணீர் போயிருந்தால் அன்றைக்கே செய்ய வேண்டும். ஒரு வாரம் நிறுத்திவைத்தால் பேரிங் உருளைகளில் புள்ளி புள்ளியாகத் துரு குழி பறித்துவிடும்.

ஆயில் பெரும்பாலான ஜீப்களுக்கு 80டபிள்யூ-90, தரம் ஜிஎல்-5. கியர்பாக்ஸுக்குச் சொன்ன ஜிஎல்-4 மிச்சமிருக்கிறது என்று ஆக்சிலில் ஊற்ற வேண்டாம், ஒன்றின்மேல் ஒன்று அழுந்திச் சறுக்கும் ஹைப்பாய்டு பல்லுக்கு அது தாங்காது. டிரெயின் போல்ட் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் கவலை இல்லை. அரிசி நொய் அளவுக்குத் துண்டு இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

கடைசியாக, பிரீதரில் ரப்பர் ட்யூப் மாட்டி இஞ்சின் அறைக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள். இரண்டு மீட்டர் ட்யூபும் இரண்டு கிளிப்பும் என்ன விலை வந்துவிடும்? நம் ஊரில் ஆக்சிலுக்கு முதலில் செய்ய வேண்டிய மாடிஃபிகேஷன் இதுதான், லாக்கர் இல்லை.

சக்கரம் சாய்கிறது, அல்லது கியர் போட்டும் சக்கரம் சுற்றவில்லை

சாய்ந்தால் உடனே நிறுத்துங்கள். செமி ஃப்ளோட்டிங் ஆக்சிலில் ஷாஃப்டே வண்டியின் எடையையும் தாங்கும். பேரிங் போனாலோ ஷாஃப்ட் முறிந்தாலோ சக்கரம் டிரம்மோடு வெளியே நடந்துவிடும். பிரேக் டிரம்முக்குள் கியர் ஆயில் கசிவதுதான் இதற்கு முன்னறிவிப்பு. ஃபுல் ஃப்ளோட்டிங்கில் எடையை ஹப்பும் ஸ்பிண்டிலும் தாங்கும், ஷாஃப்ட் சுற்றும் வேலை மட்டும் செய்யும். முறிந்தால் ஷாஃப்டை உருவிப் போட்டுவிட்டு முன்சக்கர இழுவையில் வீடு வரலாம். கனமாகச் சுமை ஏற்றுகிறவர்கள், 33 அங்குலத்துக்கு மேல் டயர் போடுகிறவர்கள் ஃபுல் ஃப்ளோட்டிங் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது வீண் எடை.

பழைய ஜீப்களின் பின்பக்கம் இன்னொரு வகை உண்டு. ஷாஃப்ட் நுனி கூம்பாக இருக்கும், ஹப் அதன்மேல் ஒரு கீ வைத்து நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். நட் தளர்ந்தால் முன்னால் எடுக்கும்போது ஒரு "டக்", ரிவர்ஸில் ஒரு "டக்". கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் கீ அறுந்து, ஷாஃப்ட் சுற்றும், சக்கரம் நிற்கும். பலர் டிஃபரென்ஷியல் போச்சு என்று பதறுவார்கள். ஹப் கப்பைக் கழற்றிப் பார்த்தால் சின்ன இரும்புத் துண்டு ஒன்று போயிருக்கும். லாக்கர் போடும் எண்ணம் உள்ளவர்கள் இந்தக் கூம்பு ஷாஃப்டை ஃபிளாஞ்ச் உள்ள ஒரே துண்டு ஷாஃப்டாக முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் போட்ட பிறகு நடுக்கம்

ஸ்பிரிங்கை உயர்த்தினால் ஜாயின்ட் ஷாஃப்டின் சாய்வு கூடும். டிரான்ஸ்பர் கேஸ் ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் கிராஸ் சீராக ஓடும். போனில் கோணம் அளக்கும் செயலி இருக்கும், இரண்டு ஃபிளாஞ்சிலும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சில் இருக்கைக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வைத்துச் சரிசெய்யலாம். ஸ்டீரிங்கோடு சேர்ந்து முன்பக்கமே உதறினால் அது வேறு: கிங் பின் பேரிங், டை ராட் முனை.

சின்னச் சின்னப் புகார்கள்

முழுதாகத் திருப்பும்போது முன்னால் "கட் கட்" என்றால் முன் ஷாஃப்ட் முனையிலுள்ள ஜாயின்ட். ஃபோர் வீல் விளக்கு எரிந்தும் முன்சக்கரம் இழுக்கவில்லை என்றால் ஹப் பூட்டவில்லை. வேக்குவத்தில் பூட்டும் வகையானால் முதலில் வேக்குவம் ட்யூபில் எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவதைப் பிளேட் உராய்வால் குறைக்கும் லிமிடெட் ஸ்லிப் உள்ள வண்டி மெதுவாகத் திரும்பும்போது அதிர்ந்தால் பிளேட்டை மாற்றும் முன் அதற்குரிய ஃபிரிக்‌ஷன் சேர்மானம் கலந்த ஆயிலை ஊற்றிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஆக்சில் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால்

கண்டம் கடைக்குப் போகும்போது டேப், சாக்பீஸ், டார்ச் மூன்றும் கையில் இருக்கட்டும். டிரம் முகத்திலிருந்து டிரம் முகம் வரை அகலம் அளங்கள். ஸ்பிரிங் இருக்கைகளின் இடைவெளி அளங்கள். டிஃபரென்ஷியல் இருக்கும் கூண்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வில்லிஸ் வம்சத்து ஜீப்களில் அது நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். நடுவில் கூண்டுள்ள ஆக்சிலை அதற்கு மாட்டினால் ஷாஃப்ட் பக்கவாட்டிலும் சாய்ந்து ஓடும்.

"டானா 44 தான் தம்பி, எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். ஒன்றில்லை. அந்த ஒரே ஆக்சில் பெயரில் 10, 19, 30 என்று வேறு வேறு ஸ்பிளைன் எண்ணிக்கை உண்டு. நீங்கள் வாங்கிய லாக்கர் 30 ஸ்பிளைனுக்கானது, ஆக்சில் ஷாஃப்ட் 19 என்றால் இரண்டையும் சேர்த்து அலமாரியில்தான் வைக்க வேண்டும். கிரவுன் மாட்டப்படும் கேரியரும் அப்படித்தான். டானா 44இல் 3.73 வரை ஒரு கேரியர், 3.92க்கு மேல் வேறு கேரியர். லாக்கர் வாங்கும் முன்பே ரேஷியோ முடிவாகியிருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். முதலில் டயர், அதை வைத்து ரேஷியோ, அதற்குத் தாங்கும் ஷாஃப்ட், கடைசியில் லாக்கர்.

ஆர்.சி. புத்தகத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அகலமான ஆக்சிலும் ராட்சத டயரும் போட்டுவிட்டு எஃப்.சி.க்குப் போய் நின்றால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், கடைக்காரர் அல்ல.

புதுக் கிரவுன் பினியன் பூட்டிய அன்றே நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மணலுக்குப் போகாதீர்கள். முதலில் இருபது நிமிடம் லேசாக ஓட்டி முழுதாக ஆற விடுங்கள். இப்படி மூன்று நாலு முறை. சுமை, டோயிங் எதுவும் வேண்டாம். 800 கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை இறக்கி, காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். அதன் பிறகு தோப்புப் பக்கம் போகலாம், டயர் கேஜ் டேஷ்போர்டில் இருக்கட்டும்.